மாரிதாஸ் என்கிற மரியதாஸ்

அருள்மொழி: ...அப்ப வீட்ல ரெண்டு பேருன்னு போட்டுக்கட்டுங்களா ஐயா?

மரியதாஸ்: போட்டுக்கம்மா. ரெண்டு பேரு.

அருள்மொழி: ஒண்ணு நீங்க. இன்னொருத்தர்?

மரியதாஸ்: ராசம்மா. என் வூட்டுக்காரி.

அருள்மொழி: வயசு?

மரியதாஸ்: அம்பத்தாறு. இல்ல... இந்தத் தை வந்தா அம்பத்தேழு ஆயிருக்கும்.

அருள்மொழி: தை போயி மாசியே வந்துடுச்சே ஐயா.

மரியதாஸ்: ஆமா... போயிடுச்சு.

கொளஞ்சி: யண்ணா! பாத்தியை வுட்டுட்டு வரப்பு மேல நின்னு யாருகிட்ட கதை அளந்துக்கிட்டு இருக்க? யாரு இது, குடையும் பையுமா?

மரியதாஸ்: சென்சஸ் எடுக்கற டீச்சரம்மா. வூட்டாண்ட வந்து பூட்டைப் பாத்துட்டுப் போச்சாம். அதான் உப்பளத்துக்கே வந்துடுச்சு.

கொளஞ்சி: அட, நம்ம டீச்சரா! பாவம், செருப்பெல்லாம் வெள்ளை பூத்துப் போச்சு பாரு. கொட்டாய்க்குள்ள வந்து குந்தும்மா. என்னைத் தெரியுதா? கொளஞ்சியம்மா. அண்ணன் வூட்டுக்கு அடுத்த வூடு. முந்தாநாள் என் வூட்டை எழுதினியே.

அருள்மொழி: தெரியாம என்ன? ஆறு பேரு. பேரனுக்கு இன்னும் பேரு வெக்கலன்னு "குட்டி"ன்னு எழுதச் சொன்னீங்க.

கொளஞ்சி: அதே குட்டிதான். எழுதினியா இல்லியா?

அருள்மொழி: எழுதிட்டேன்.

கொளஞ்சி: பாத்தியாண்ணா, டெல்லி வரைக்கும் எங்க குட்டி போயிட்டான். ஆமா... ரெண்டு பேருன்னு இன்னாவோ சொன்னியே, யாரு ரெண்டு பேரு?

மரியதாஸ்: ஒண்ணுமில்ல, நீ போயி வேலையைப் பாரு.

கொளஞ்சி: காதுல வுழுந்துச்சுண்ணா. அண்ணி போயி எட்டு மாசம் ஆவுது. அவளைப் போயி கணக்குல ஏத்துறியே, அடுக்குமா?

மரியதாஸ்: வாயில வந்துடுச்சு... கேட்டதும் வந்துடுச்சு.

அருள்மொழி: ஐயோ... மன்னிச்சுக்கங்க ஐயா. எனக்குத் தெரியாதுங்க.

மரியதாஸ்: உனக்கு எப்படிம்மா தெரியும்? அழிச்சுடு. ஒரு ஆளுன்னு போடு.

அருள்மொழி: புள்ளைங்க யாரும் கூட இல்லியா?

மரியதாஸ்: ஒரே பொண்ணு. திண்டிவனத்துப் பக்கம் கவர்மெண்டு வேலைல இருக்குது. அங்கியே வாடகைக்கு வூடு எடுத்து...

கொளஞ்சி: இந்தப் பக்கம் தலை வெச்சுக் கூடப் படுக்கறதில்ல.

மரியதாஸ்: கொளஞ்சி.

கொளஞ்சி: சரி, நான் வாயைத் தொறக்கல.

அருள்மொழி: பேரை மட்டும் ஒரு தடவை சரி பாத்துக்கறேங்க. நீங்க மரியதாஸ்னு சொன்னீங்க. முன்னாடி வீட்டு லிஸ்ட் எடுத்தவங்க மாரிதாஸ்னு எழுதியிருக்காங்க.

மரியதாஸ்: ரெண்டும் ஒண்ணுதான்.

அருள்மொழி: எப்படிங்க ஒண்ணாவும்?

கொளஞ்சி: எதைச் சொல்லிக் கூப்ட்டாலும் திரும்பிப் பாக்குதில்ல? அப்ப ஒண்ணுதான்.

அருள்மொழி: ஆதார்ல?

மரியதாஸ்: மாரிதாஸ். ரேஷன் கார்டு, ஓட்டு, பேங்க்கு, எல்லாத்துலயும் மாரிதாஸ்தான். மரியதாஸ்ங்கறது... வாயில கூப்புடறது.

அருள்மொழி: சரிங்க. அடுத்தது... மதம்.

மரியதாஸ்: இந்துன்னு போடு.

கொளஞ்சி: ம்க்கும்.

அருள்மொழி: என்னங்கம்மா?

கொளஞ்சி: இருமல்மா. உப்புக்காத்து.

மரியதாஸ்: இந்து. ஆதி திராவிடர். சர்ட்டிபிகேட் வேணுமா? வூட்ல இருக்குது. ஒரிஜினலு, ஜெராக்ஸ் நாலு, எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன்.

அருள்மொழி: சர்ட்டிபிகேட்டெல்லாம் நாங்க கேக்கக் கூடாதுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை அப்படியே எழுதணும். அவ்வளவுதான்.

மரியதாஸ்: இன்னா சொன்னாலுமா?

அருள்மொழி: என்ன சொன்னாலும். நீங்க சொல்றது வெளிய போகாதுங்க. வேற ஆபீஸ் கேட்டாக் குடுக்க மாட்டாங்க. கோர்ட்டுல கூட இதை சாட்சியாக் காட்ட முடியாது. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு.

மரியதாஸ்: அப்படி ஒரு காயிதம் இருக்குதா இந்த நாட்ல?

அருள்மொழி: இருக்குதுங்க. இப்ப காயிதம் இல்ல, போனு.

மரியதாஸ்: டீச்சரம்மா... ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காத.

அருள்மொழி: கேளுங்க.

மரியதாஸ்: எனக்கு இந்துன்னே இருக்கட்டும். அவளுக்கு மட்டும்... ராசம்மாவுக்கு மட்டும் கிறிஸ்துன்னு ஒரு எடத்துல போட முடியுமா?

அருள்மொழி: இறந்து போனவங்களுக்குப் போட முடியாதுங்க. இப்ப உயிரோட இருக்கறவங்களை மட்டும்தான்...

மரியதாஸ்: சரி, சரி. சும்மாதான் கேட்டேன். ஒரு காயிதத்துலயாவது அவ அவளா இருக்கட்டுமேன்னு.

கொளஞ்சி: இப்ப கேளு! நல்லா கேளு! கல்லறைத் தோட்டத்துல அவங்க அம்மா பக்கத்துல கெடக்க வேண்டியவளை சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போயி கொளுத்திட்டு, இப்ப போனுல கிறிஸ்துவச்சின்னு போடணுமாம்!

மரியதாஸ்: கொளஞ்சி, வேணாம்.

கொளஞ்சி: எட்டு மாசமா வேணாம் வேணாம்னு வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இருபது வருஷமா அவளும் நானும் ஒரே பாத்தியில உப்பு வாரினோம். "கொளஞ்சி, நான் செத்தா எங்கம்மா காலாண்ட வெக்கச் சொல்லு"ன்னு எத்தினி தடவை சொல்லியிருப்பா. எனக்கு மாதாவும் தெரியாது, ஜெபமும் தெரியாது. ஆனா வாக்குன்னா இன்னான்னு தெரியும்.

மரியதாஸ்: மேஸ்திரி பாக்குறான், போ.

கொளஞ்சி: பாக்கட்டும். பெத்த பொண்ணு இந்த வாசப்படி மிதிக்காம இருக்குதுன்னா சும்மா இல்லண்ணா. நான் போறேன். அந்தச் சட்டியில மோரு வெச்சிருக்கேன், டீச்சருக்கும் ஊத்து. நீயும் குடி. காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல நீ, எனக்குத் தெரியும்.

மரியதாஸ்: நல்ல பொம்பளைம்மா. திட்டும். ஆனா தெனம் சோறு கொண்டாந்து வெக்கறதும் அதுதான்.

அருள்மொழி: அந்த அம்மா சொன்னது... நிஜமாங்களா?

மரியதாஸ்: மோரு குடிம்மா.

அருள்மொழி: நீங்க கிறிஸ்டியனா ஐயா? நான் எழுதலங்க. போனைக் கீழ வெச்சுட்டேன் பாருங்க.

மரியதாஸ்: எப்படிச் சொல்றது... எங்க கொள்ளுத்தாத்தா, தாது வருஷப் பஞ்சத்துல அஞ்சாறு வயசுப் புள்ள. இந்தப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரன் சீமை. அந்தாண்ட புதுச்சேரி, பிரெஞ்சுக்காரன் சீமை. அங்க சாமியாருங்க கஞ்சி ஊத்துறாங்கன்னு கேள்விப்பட்டு, அவரு ஆத்தா புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு நடந்தே போயிருக்கா. வழியில ரெண்டு புள்ள செத்துச்சு. இது ஒண்ணுதான் போயி சேந்துச்சு.

அருள்மொழி: அங்கதான் மாறினாங்களா?

மரியதாஸ்: கஞ்சி ஊத்தினாங்க, தலையில தண்ணியும் ஊத்தினாங்க. கஞ்சிக்கு மதம் மாறினவனுங்கன்னு இப்பவும் சொல்றாங்க இல்ல? ஆமா. கஞ்சிக்குத்தான் மாறினோம். அன்னிக்கு அந்தக் கஞ்சியை யாரு ஊத்தியிருந்தாலும் அவங்க சாமிதான் எங்க சாமி.

அருள்மொழி: ம்.

மரியதாஸ்: ஆனா அப்பறம் அதே பழகிப் போச்சும்மா. கஞ்சிக்காக வந்தவன் பேரப்புள்ளைங்க நெசமாவே முட்டி போட ஆரம்பிச்சுட்டாங்க. தாத்தா கூனிமேட்டு பாய் ஒருத்தரு கூட கப்பலேறி ரங்கூன் போனாரு. பாய்க்கு அங்க கடை, தாத்தாவுக்கு அவரு மண்டியில மூட்டை தூக்கற வேலை. எங்கப்பா அங்கதான் பொறந்தாரு. கோவம் வந்தா பர்மா பாஷையிலதான் திட்டுவாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியாது, சிரிப்போம், இன்னும் ரெண்டு அடி வுழும்.

அருள்மொழி: அப்பறம் எப்படி இங்க?

மரியதாஸ்: ஜப்பான்காரன் குண்டு போட்டான். நடந்தாங்க. எட்டு வயசு எங்கப்பாவுக்கு. காடு, மலை, காலரா. ஆத்தாவை அங்கியே ஒரு ஆத்தங்கரையில புதைச்சுட்டாங்க. ரெண்டு குச்சியைக் கொடியால கட்டி சிலுவை நட்டுட்டு வந்தாராம் தாத்தா. நடந்து வந்த கூட்டத்துல தெலுங்கன், ஒரியாக்காரன், வங்காளத்தான், பஞ்சாபி, எல்லாரும் இருந்தாங்களாம். யாரு தண்ணி வெச்சிருந்தாங்களோ அவங்களாண்ட எல்லாரும் வாங்கிக் குடிச்சோம்டான்னு சொல்லுவாரு அப்பா. "அந்த ஒரு மாசந்தான் யாரும் நம்மளை நீ எந்தத் தெருன்னு கேக்கல"ன்னு சொல்லுவாரு.

அருள்மொழி: ஊருக்கு வந்தப்பறம் கேட்டாங்க.

மரியதாஸ்: வந்த அன்னிக்கே கேட்டாங்க. நீ எப்படிச் சொல்ற?

அருள்மொழி: நானும் காலனிதாங்க. பெருமுக்கல் பக்கம். அப்பா பேரு கலியன். கூலி வேலை.

மரியதாஸ்: அப்படியா... அப்ப உனக்கு நான் வெளக்கத் தேவையில்ல. சாமி மாறுச்சு, தெரு மாறல. டீக்கடையில தனி கிளாசுதான். மாதா கோயிலுக்குப் போனா அங்கியும் எங்களுக்கு ஒரு ஓரந்தான். சொதந்திரம் வந்துச்சு, சட்டம் எழுதினாங்க. நம்ம ஆளுங்களுக்குப் படிப்பு, வேலைன்னு எடம் ஒதுக்கினாங்க. ஒதுக்கின கையோட டெல்லியில இன்னொரு உத்தரவு...

அருள்மொழி: தொள்ளாயிரத்து அம்பதுல. எஸ்.சி.ன்னா இந்துவா இருக்கணும்னு.

மரியதாஸ்: உனக்குத் தெரியுது.

அருள்மொழி: அப்பறம் சீக்கியரைச் சேத்தாங்க. அப்பறம் பௌத்தருங்களை. பரீட்சைக்குப் படிச்சேங்க.

மரியதாஸ்: நாங்க பரீட்சை எழுதாமலே படிச்சோம். என்னைப் பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப, எட்மாஸ்டரு நல்ல மனுசன், அப்பாவைத் தனியாக் கூப்ட்டு, "மரியதாஸ்னு எழுதினா புள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வராது. மாரிதாஸ்னு எழுதிடறேன். எங்க மாரியம்மாதான் உங்க மரியம்மான்னு வெச்சுக்கயேன்"னாராம். அப்பா கைநாட்டு வெச்சாரு. வர்ற வழியெல்லாம் பர்மா பாஷையில யாரையோ திட்டிக்கிட்டே வந்தாரு. என்னை இல்ல.

அருள்மொழி: ஸ்காலர்ஷிப் வந்துச்சா?

மரியதாஸ்: வந்துச்சு. எட்டாவது வரைக்கும் படிச்சேன். அப்பறம் உப்பளத்துக்கு வந்துட்டேன். ஆனா அந்த ஒரு எழுத்து என் பொண்ணைக் காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அது நெசம். ஞாயித்துக்கெழமை மரியதாஸ், திங்கக்கெழமை மாரிதாஸ். நாங்க மட்டும் இல்ல, எங்க சனத்துல பாதிப் பேரு இப்படித்தான். யாருக்கும் இடைஞ்சல் இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு. பொண்ணு வேலைக்குப் போயி ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மொட்டை மனு. பேரு இல்ல, ஊரு இல்ல. "இந்தப் பொண்ணு கிறிஸ்துவச்சி, பொய் சர்ட்டிபிகேட்டுல வேலை வாங்கிட்டா"ன்னு. தேதி, கோயிலு, தேரு, எல்லாம் வெவரமா.

அருள்மொழி: வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்க...

மரியதாஸ்: நெழல்ல குந்தும்மா. விசாரணைக்கு வந்தாங்க. வர்றதுக்கு முந்தின நாளு ராசம்மாவே மாதா படத்தைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வெச்சா. சுவத்துல படம் இருந்த எடம் மட்டும் வெள்ளையா, சதுரமா தெரிஞ்சுது. கண்ணை உறுத்துச்சு. அவசரத்துக்கு கூனிமேட்டு பாய் மளிகைக்கடை காலண்டரை எடுத்து மாட்டினேன். பிறை, மசூதி போட்டது. வந்த ஆபீசரு அதைப் பாத்துட்டு, "என்னய்யா, நீங்க முஸ்லிமா?"ன்னாரு.

அருள்மொழி: ஐயோ.

மரியதாஸ்: ராசம்மா சிரிச்சுட்டா. அந்த வருஷத்துலயே அவ சிரிச்சது அது ஒண்ணுதான். ஆபீசரும் மோசமான மனுசன் இல்ல. ஆனா பக்கத்து வூடு, எதுத்த வூடு, எல்லாரையும் கேட்டாரு. கொளஞ்சி, "அவங்க எங்க மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க சார்"ன்னு சத்தியம் பண்ணிச்சு. ஊத்தினதுதான். பொய் இல்ல.

அருள்மொழி: முடிவு என்னாச்சுங்க?

மரியதாஸ்: ஒண்ணரை வருஷம் இழுத்துச்சு. அதுக்குள்ள ராசம்மாவுக்கு மூச்சு வுட முடியல. புதுச்சேரி ஆஸ்பத்திரில பன்னெண்டு நாளு. பன்னெண்டாம் நாளு விடியக்காலம் போயிட்டா.

அருள்மொழி: விசாரணை நடந்துக்கிட்டிருந்தப்பவா?

மரியதாஸ்: நடந்துக்கிட்டிருந்தப்பதான். எங்க வெக்கறதுன்னு கேள்வி வந்துச்சு பாரு. கல்லறைத் தோட்டத்துல வெச்சா சாமியார் வரணும், பதிவு எழுதணும், சிலுவை நடணும். அந்தப் பதிவை ஒருத்தன் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினா போதும். காலனிச் சுடுகாட்டுலயே ஒரு ஓரமா புதைக்கலாம்னு மச்சான் சொன்னான். எனக்கு மனசு ஒப்பல. மண்ணுக்குள்ள இருந்தா, நாளைக்கு எடுத்துக் கல்லறைக்கு மாத்திடலாம்னு மனசு அலைஞ்சுக்கிட்டே கெடக்கும். அதான் எரிச்சுட்டேன். எரியறப்ப நெத்தியில மஞ்சளு, குங்குமம். வாழ்க்கையில அவ குங்குமம் வெச்சதே இல்ல.

அருள்மொழி: உங்க பொண்ணு...

மரியதாஸ்: பாடை தூக்கறப்ப குறுக்க வுழுந்துச்சு. "எனக்கு அந்த வேலை வேணாம்பா, அம்மாவை அம்மா சொன்ன எடத்துல வையுங்கப்பா"ன்னு. நான் நாலு பொம்பளைங்களை வுட்டுத் தூக்கி ஓரமா ஒக்கார வெச்சேன். கொள்ளி நான்தான் வெச்சேன். மூணு மாசம் கழிச்சு ஆர்டர் வந்துச்சு, சர்ட்டிபிகேட் செல்லும்னு. பஞ்சாயத்துல குடுத்த தகனச் சீட்டுதான் பெரிய சாட்சி. அதை பொண்ணுக்கு போன் பண்ணிச் சொன்னேன்.

அருள்மொழி: என்ன சொன்னாங்க?

மரியதாஸ்: "சந்தோஷமாப்பா?"ன்னு கேட்டுட்டு வெச்சுடுச்சு. அதுக்கப்பறம் போன் எடுக்கறதில்ல.

அருள்மொழி: பிரியதர்ஷினி மேல தப்பில்லீங்க. அவங்க நெலமையில யாரா இருந்தாலும்...

மரியதாஸ்: ...

அருள்மொழி: ஐயா?

மரியதாஸ்: பொண்ணு பேரை நான் சொல்லலியேம்மா. கொளஞ்சி கூடச் சொல்லல.

அருள்மொழி: கொஞ்சம் இருங்க.

மரியதாஸ்: உனக்கு எப்படித் தெரியும்?

அருள்மொழி: லிஸ்ட்ல... அந்த குரூப் ஃபோர் பரீட்சை லிஸ்ட்ல உங்க பொண்ணு பேருக்கு அடுத்தது என் பேருங்க. எஸ்.சி. பெண்கள். அவங்க வரைக்கும்தான் எடம் இருந்துச்சு. ஒரே ஒரு மார்க்கு. நாலு வருஷம் படிச்சது. அந்தப் பேரை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். பிரியதர்ஷினி, தகப்பனார் பேரு மாரிதாஸ்.

மரியதாஸ்: சொல்லு.

அருள்மொழி: ஒரு செப்டம்பர் மாசம் மாதா கோயில் தேரு. பஸ்சு நின்னுடுச்சு. ஜன்னல் வழியாப் பாக்கறேன், உங்க பொண்ணு மெழுகுவத்தி புடிச்சுக்கிட்டுப் போறாங்க. அவங்க வேலை பாக்கற ஆபீஸ்ல ஒரு தடவை பாத்திருக்கேன், மூஞ்சி தெரியும். பக்கத்துல ஒரு அம்மா, தலையில முக்காடு போட்டுக்கிட்டு, கண்ணை மூடிப் பாடிக்கிட்டே...

மரியதாஸ்: ராசம்மா.

அருள்மொழி: எனக்கு நெஞ்சு எரிஞ்சுச்சுங்க. எங்கப்பா அந்த வருஷந்தான் கால் ஒடைஞ்சு படுத்திருந்தாரு. அவங்களுக்கு ஞாயித்துக்கெழமை ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுமே இல்லியான்னு... சட்டத்துல இருக்கறதைத்தானே எழுதறோம்னு நெனச்சேன். அந்த மொட்டை மனு நான் எழுதினதுங்க. ஆறு மாசத்துல எனக்கும் டீச்சர் வேலை வந்துடுச்சு. வாபஸ் வாங்கிடலாம்னு தவிச்சேன். பேரில்லாம எழுதினதை யாரு பேருல வாபஸ் வாங்கறது? அது பாட்டுக்குப் போயிட்டுத்தான் இருந்துச்சு. இங்க டூட்டி போட்டப்ப உங்க வீடுன்னு தெரிஞ்சுது. எழுதிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். அந்த அம்மா... இறந்தது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா எரிச்சது தெரியாது.

மரியதாஸ்: எழுந்திரு.

அருள்மொழி: ஐயா...

மரியதாஸ்: எழுந்து போம்மா. உன் மேல கை வெச்சுடுவேனோன்னு பயமா இருக்குது. போயிடு.

அருள்மொழி: போறேங்க.

மரியதாஸ்: குடையை எடுத்துக்க. வெயில்ல எங்க போற... இரு. நில்லு. உங்கப்பாவுக்குக் கால் சரியாச்சா?

அருள்மொழி: இல்லீங்க. கோலு வெச்சுக்கிட்டுத்தான் நடக்கறாரு.

மரியதாஸ்: ம்... ஒரு மார்க்கு.

அருள்மொழி: என்னைத் திட்டுங்கய்யா. அடிக்கக் கூடச் செய்யுங்க.

மரியதாஸ்: திட்டி இன்னா ஆவப் போவுது? ரெண்டு வருஷமா அந்த மனு எழுதினவனைத் தெனம் மனசுக்குள்ள வெட்டிப் போட்டுக்கிட்டிருந்தேன். மீசை வெச்ச ஆளு, வெள்ளைச் சட்டை, ஊர்த்தெருக்காரன், அப்படி ஒரு மூஞ்சியா நெனச்சு வெச்சிருந்தேன். இப்படி நம்ம தெருவுல இருந்து வந்து நிக்கும்னு நெனக்கல. என் பொண்ணு வயசு உனக்கு. ஒரே ஒரு நாற்காலியைப் போட்டுட்டு, ரெண்டு பேரையும் ஒக்காரச் சொல்லியிருக்கானுங்க...

அருள்மொழி: நான் ஒண்ணு பண்றேங்க. நாளைக்கே திண்டிவனம் போறேன். உங்க பொண்ணு கால்ல வுழறேன். எழுதினவ நான்தான், என்னால வந்ததுதான் எல்லாம்னு சொல்றேன். உங்கப்பா வேணும்னு செய்யல, அம்மா ஆசையை மீற வெச்சதே என் மனுதான்னு சொல்றேன். கோவத்தை என் மேல காட்டட்டும். அவங்க கம்ப்ளைண்ட் குடுத்தாலும் பரவால்ல. உங்ககிட்ட பேசட்டும்.

மரியதாஸ்: வேணாம்மா.

அருள்மொழி: ஏங்க? அவங்களுக்குத் தெரிய வேணாமா? எட்டு மாசமா தனியாக் கெடக்கறீங்களே, அம்மா சொன்னதை மீறின பாவின்னு பேரு வாங்கிக்கிட்டு...

மரியதாஸ்: நான் மீறலம்மா. ஆஸ்பத்திரில, பொண்ணு கீழ மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், ராசம்மா மூஞ்சில வெச்சிருந்த ஆக்சிஜனைக் கழட்டிட்டு என் கையைப் புடிச்சா. "என்னை எரிச்சுடுய்யா. கல்லறைக்குக் கொண்டு போனா புள்ள வேலை போயிடும். நான் சொன்னேன்னு மட்டும் அதுக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா அன்னிக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துடும். நீயே புடிவாதம் புடிச்சதா இருக்கட்டும். உன் மேல கோவம்னா என்னிக்காவது ஆறிடும்யா"ன்னா... ஆறிடும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்.